சிவகங்கை ரோட்டு பங்களா பீரங்கி எந்தக் காலத்தது? 1764 மதுரை முற்றுகை ஆட்டத்துக்கு எந்தப் பொம்மைப் பீரங்கி ஒத்துவரும்?

கொத்தளம்72

வணக்கம் மக்களே. ரெண்டு கேள்வி, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டினது.

சிவகங்கை போற ரோட்டுல எங்க மாமா ஊருக்குப் பக்கத்துல ஒரு பழைய பங்களா. கேட்டுக்கு உள்ள, ரெண்டு சிமெண்டுக் கட்டை மேல இரும்புப் பீரங்கி ஒண்ணு கிடக்கு. வண்டி, சக்கரம் எதுவும் கிடையாது, வெறும் குழல். முழுக்க சில்வர் பெயிண்ட். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஒரு கோட்டு ஏத்துவாய்ங்க போல, கைவச்சா தெரியுது எவ்வளவு கனமா இருக்குன்னு. வாயைச் சுத்தி சந்தனம், குங்குமம். வாட்ச்மேன் அய்யாவைக் கேட்டா "மருதநாயகம் பீரங்கி தம்பி"ங்கிறாரு. வீட்டுக்காரவங்களும் அதையேதான் சொல்றாங்க.

இன்னொண்ணு, நானும் கூட்டாளிகளும் 1764 மதுரை முற்றுகையை மேஜை மேல ஆடலாம்னு 1/72 அளவுல ஆளு சேர்த்துக்கிட்டு இருக்கோம். மேற்கு மதில், அகழி, கொத்தளம் எல்லாம் தெர்மாகோல்ல வெட்டியாச்சு. சிப்பாய்கள் தேறிட்டாங்க. பீரங்கிதான் சிக்கல். அந்தக் காலத்துக் கம்பெனி பீரங்கின்னு 1/72-ல கேட்டா எவனும் போடல. எதை வாங்கி எதுக்குப் பதிலா வைக்கிறது? இந்தப் பங்களா பீரங்கியையே பார்த்து ஒண்ணு செஞ்சுரலாமா?

ஊமைத்துரை_தாசன்

இதுல என்னண்ணே சந்தேகம்? மருதநாயகம்னா கான்சாகிப். மதுரையைப் பிடிச்சு வச்சுக்கிட்டு கம்பெனிக்காரனையும் நவாபையும் சேர்த்து எதிர்த்தவரு. அவரைத் தூக்குல போட்டதுக்கு அப்புறம் கோட்டையில இருந்த தளவாடம் எல்லாம் சுத்துப்பட்டு ஊருக்குத்தான் போயிருக்கும். பங்களாக்காரவங்க பாட்டன் பூட்டன் காலத்துல இருந்து சொல்றதைப் பொய்யின்னா சொல்லுவீங்க? அப்படியே மாடல் பண்ணுங்க.

பழைய_இரும்பு

கதை ஒரு பக்கம் இருக்கட்டும். முதலில் அளவு எடுங்கள். கப்பலூரில் பட்டறை வைத்து இரும்போடு காலம் தள்ளியவன் என்பதால் சொல்கிறேன், வார்ப்பு இரும்பில் செய்தவன் விட்ட அடையாளம் எங்காவது இருக்கும். பெயிண்டைச் சுரண்டாமலே எடுத்துவிடலாம்.

வாயின் உள்விட்டம்தான் முக்கியம். விளிம்பில் டேப் வைக்காதீர்கள், அங்கே பெயிண்டும் துருவும் ஏறியிருக்கும். மூங்கில் குச்சி ஒன்றைச் சீவி, ஒரு சாண் உள்ளே குறுக்காக நிறுத்திப் பாருங்கள். இறுக்கமாக நிற்கும் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். நின்றதும் வெளியே எடுத்துக் குச்சியை அளங்கள். மேல் கீழாக ஒருமுறை, இடம் வலமாக ஒருமுறை.

அடுத்து நீளமான கழி ஒன்றை உள்ளே விட்டு ஆழம் பாருங்கள். பின்பக்கம் மேலே திரி வைக்கும் துளை இருக்கும். கழி ஏறக்குறைய அந்தத் துளைக்கு நேராகப் போய் நிற்க வேண்டும். அதற்கு ரொம்ப முன்னாலேயே முட்டினால் உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் மண், கல், குளவிக்கூடுதான். ஆனால் குண்டும் மருந்தும் கெட்டித்தபடியே கிடந்த பழைய பீரங்கிகளும் உண்டு. அப்படி முட்டினால் அங்கே வெல்டிங், கற்பூரம் எதுவும் வேண்டாம், தாசில்தாரிடம் சொல்லிவிடுங்கள்.

நீளத்தை ஆங்கிலேயர் பின்குமிழைச் சேர்த்து அளக்க மாட்டார்கள். பின்பக்கத்துப் பெரிய பட்டை வளையத்திலிருந்து வாய் விளிம்பு வரைதான் கணக்கு. குமிழுக்கு மேலே இன்னொரு வளையம் வார்த்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், அதற்குப் பக்கவாட்டில் ஒரு போட்டோ வேண்டும்.

எழுத்து இருந்தால் மூன்று இடத்தில் இருக்கும்: திரித் துளைக்குப் பக்கம், குழலின் முதுகு, இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளின் முகம். இருட்டியதும் போங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் இரும்பை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால் பெயிண்டுக்கு அடியில் இருக்கும் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். மேலே மெல்லிய தாளைப் போட்டுப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள்.

கொத்தளம்72

போய்ட்டு வந்துட்டேன். வாட்ச்மேன் அய்யாவே டார்ச் பிடிச்சாரு, அவருக்கு இப்ப என்னைவிட ஆர்வம் அதிகம்.

உள்விட்டம் ஒரு பக்கம் 94 மி.மீ., இன்னொரு பக்கம் 95. நீளம் நீங்க சொன்ன மாதிரி அளந்தா 198 செ.மீ. கழி துளைகிட்ட வரைக்கும் போச்சு, அடைப்பு இல்ல. குமிழுக்கு மேல வளையம் இருக்கு, கட்டைவிரலைவிடக் கனம், உள்ள கையே நுழையுது.

காதுல ரெண்டு எழுத்து இருந்திருக்கு, துரு தின்னுருச்சு. முதுகுல தேய்ச்சப்போ ஒரு இதய வடிவம் வந்துச்சு. உள்ள குறுக்கும் நெடுக்குமா கோடு, நாலு கட்டத்துல எழுத்து. இதயத்துக்கு மேல இங்கிலீஷ் 4 மாதிரி ஒரு குறி. துளைக்குப் பின்னால 17, 2, 7-னு தனித்தனியா மூணு எண்ணு. 1727-ஆம் வருஷமா இருக்குமோ? அப்படின்னா கான்சாகிப் காலத்துக்கு முந்தினதுதானே?

ஊமைத்துரை_தாசன்

1727! நான்தான் சொன்னேன்ல.

பழைய_இரும்பு

அது வருடம் இல்லை தம்பி, எடை. ஆங்கிலேயர் பீரங்கியில் எடையை மூன்று எண்ணாக வெட்டுவார்கள். முதல் எண் ஹண்ட்ரட்வெயிட், அதாவது 112 பவுண்டு. நடு எண் அதில் கால், 28 பவுண்டு. கடைசி எண் உதிரி பவுண்டு. நடு எண் மூன்றைத் தாண்டாது, கடைசி எண் 27-ஐத் தாண்டாது. உங்களுடையது 1904, அதோடு 56, அதோடு 7. ஆக 1967 பவுண்டு, 892 கிலோ. அந்த சிமெண்டுக் கட்டை தாங்குகிறதே, அதுவே பெரிய விஷயம்.

இப்போது விட்டம். ஆங்கிலப் பீரங்கிக்குப் பெயர் அது சுடும் இரும்புக் குண்டின் எடையை வைத்துத்தான். 3 பவுண்டருக்கு உள்விட்டம் 74 மி.மீ., 6 பவுண்டருக்கு 93, 9-க்கு 107, 12-க்கு 117, 18-க்கு 134, 24-க்கு 148. துரு ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அரித்ததைக் கழித்தால் உங்களுடையது 6 பவுண்டர். குண்டு ஏறக்குறைய 89 மி.மீ. இருக்கும். நடுவில் விட்ட இடைவெளி, குண்டு சிக்காமல் உள்ளே இறங்குவதற்கு.

விட்டத்தை மட்டும் வைத்து நாட்டைச் சொல்ல முடியாது. டச்சு, டேனிஷ் பவுண்டுகள் ஆங்கிலப் பவுண்டைவிடச் சற்றே கனம், பிரெஞ்சுக் கப்பல்களிலும் 6 பவுண்டர் இருந்தது, எல்லாம் இதை ஒட்டியே வரும். நாட்டைச் சொல்வது உங்கள் இதயக் குறி. 4 போன்ற தலை, நான்கு கட்டத்தில் எழுத்து, இது கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு முத்திரை. இதே முத்திரையைக் கம்பெனிக் காசிலும் பார்க்கலாம். அரசரின் படைக்குப் போன பீரங்கியென்றால் கிரீடமும் ஜார்ஜ் மன்னரின் முதலெழுத்தும் இருந்திருக்கும்.

காலத்தைச் சொல்வது அந்த வளையம். கப்பலில் பீரங்கி சுட்டதும் பின்னால் பாயும். அதை இழுத்துப் பிடிக்க ஒரு பெரிய வடம் கட்டுவார்கள். முன்பு அதைக் குமிழில் சுற்றிக் கட்டினார்கள். வடம் நுழைய வளையத்தையே சேர்த்து வார்ப்பது 1787 வாக்கில் தாமஸ் புளோம்ஃபீல்டு கொண்டுவந்த வடிவம். அதற்கு முந்தைய ஆர்ம்ஸ்ட்ராங் வடிவத்தில் வெறும் குமிழ்தான், குழலைச் சுற்றிப் பட்டை வேலைப்பாடும் அதிகம். கான்சாகிப்பைத் தூக்கிலிட்டது 1764 அக்டோபர் 15. இந்தக் குழல் அவர் போய் இருபது வருடத்துக்கு மேல் கழித்து வார்த்தது.

ஊமைத்துரை_தாசன்

வளையத்தைப் பின்னாடி ஒட்டியிருக்கலாம்ல?

பழைய_இரும்பு

வார்ப்பு இரும்பில் பிறகு ஒட்ட முடியாது. அந்தக் காலத்தில் அப்படி ஒட்டவைக்க வழி கிடையாது, கொல்லன் உலையில் காய்ச்சி அடித்தால் உடையும். பட்டை போட்டு மாட்டியிருந்தால் பட்டை தெரியும். போட்டோவில் வளையம் குமிழோடு ஒரே வார்ப்பு.

ஆனால் உங்கள் பெயருக்குரியவர் காலத்துக்கு இந்தக் குழல் சரியாகப் பொருந்துகிறது, அதைக் கவனித்தீர்களா? பாஞ்சாலங்குறிச்சி, காளையார்கோவில் எல்லாம் 1801.

ஊமைத்துரை_தாசன்

அட, ஆமால்ல. அப்ப சரி, எனக்கு ஆட்சேபணை இல்ல 😄

கடலோரக்கோட்டை

வணக்கம், நான் யாழ்ப்பாணம். எங்கட பக்கம் கோட்டையளில ஒல்லாந்தற்ற பீரங்கி பார்த்திருக்கிறன், அதால சொல்லுறன். ஒல்லாந்தக் கம்பெனி குறியெண்டால் பெரிய "வி" எழுத்து, அதின்ர ரெண்டு கையிலயும் "ஓ"வும் "சி"யும் கோத்திருக்கும், மேல சின்னதா இன்னொரு எழுத்து. ஆம்ஸ்டர்டாம் பிரிவெண்டால் "ஏ". இதயம் வராது. தரங்கம்பாடிப் பக்கத்தால வந்த டேனிஷ் பீரங்கியெண்டால் அவையின்ர ராசாவின்ர பின்னல் எழுத்து இருக்கும், ஏழாம் கிறிஸ்டியனெண்டால் "சி"க்குள்ள 7. ஆரும் பழைய பீரங்கி கண்டால் முதல் முதுகைப் பாருங்கோ.

தூத்துக்குடி_உப்பு

எங்க ஊர்ல அந்தக் குறி போட்ட பீரங்கி கிடைச்சா வ.உ.சி. கப்பல் கம்பெனிப் பீரங்கின்னு மாலை போட்டுருவோம்.

தெற்குமாசி

சரி, இனி பொம்மைக்கு வருவோம். நான் 1/72-லயும், ஆள் பொம்மை 28 மி.மீ. உயரம் நிக்கிற பெரிய அளவுலயும் ஆடுறவன்.

முதல்ல எல்லாரும் விழுற குழியைச் சொல்லிடுறேன். "பிரிட்டிஷ் பீரங்கி வேணும்"னு தேடினா கிடைக்கிறது எல்லாம் வாட்டர்லூ காலத்துப் பெட்டி. ஏர்ஃபிக்ஸின் குதிரைப் பீரங்கிப் படை செட் அப்படித்தான். 28 மி.மீ.-ல விக்ட்ரிக்ஸின் பிரிட்டிஷ் பீரங்கியும் அதே. அந்த வண்டியோட பின்தண்டைப் பாருங்க, நடுவுல ஒரே கட்டையா நீண்டு தரையைத் தொடும். அது 1790-களில் வந்த அமைப்பு. 1764-ல இருந்த வண்டிக்கு ரெண்டு பக்கமும் ரெண்டு பலகை, நடுவுல குறுக்குச் சட்டம். மேஜையில மேல இருந்து பார்க்கிறப்போ முதல்ல கண்ணுல படுறதே இந்தப் பின்தண்டுதான். பொத்தான் எத்தனைன்னு எவனும் எண்ணப் போறதில்லை.

அதனால மதுரை முற்றுகைக்கு பிரிட்டிஷ் பீரங்கி வேணும்னா பிரெஞ்சுப் பெட்டியை வாங்குங்க. கிரிபோவால் முறையில செஞ்ச பிரெஞ்சு வண்டி நெப்போலியன் காலம் வரைக்கும் ரெட்டைப் பலகைதான். ஸ்வெஸ்டாவோட பிரெஞ்சு பீரங்கிப்படை செட் நல்ல வார்ப்பு. இன்னும் பழைய தோற்றம் வேணும்னா அதே கம்பெனியோட பன்னிரண்டாம் சார்லஸ் ஸ்வீடிஷ் பீரங்கி செட் இருக்கு. 1700-களின் தொடக்கத்து வடிவம், கோட்டைக்கு உள்ளே இருக்கிற பழைய பீரங்கிகளுக்கு ஏத்தது.

பிரெஞ்சு வண்டியில செய்ய வேண்டிய திருத்தம் கொஞ்சம்தான். குழலுக்கு அடியில ஏத்தி இறக்குற திருகு இருக்கும். அதை நறுக்கிட்டு, தீக்குச்சியைச் சாய்வாச் சீவி ஆப்பு மாதிரி சொருகுங்க. அப்ப ஆப்பு அடிச்சுத்தான் வாயை ஏத்தி இறக்கினாங்க. ஒலிவப் பச்சையை மறைச்சு சாம்பல் அடிங்க, இரும்புப் பட்டைகளுக்குக் கருப்பு. களப் பீரங்கிக் குழல் வெண்கலம். அதைத் தங்கமாப் பளபளக்க விடாதீங்க, பழுப்பு கலந்து மங்கலா அடிங்க. முற்றுகைக்கு வர்ற பெரிய குழல்ல சிலதுக்கு இரும்புக் கருப்பு அடிச்சா மேஜையில வித்தியாசம் பளிச்னு தெரியும்.

அளவு: இங்கிலீஷ் இலகுரக 6 பவுண்டர் வெண்கலக் குழல் 4½ அடி. 1/72-ல 19 மி.மீ. பிரெஞ்சு 4 பவுண்டர் குழல் ஏறக்குறைய 1.5 மீட்டர், 1/72-ல 21 மி.மீ. வந்துரும். அதுவே போதும். பெட்டியில வர்றது 30 மி.மீ. பக்கம் இருந்தா அது 12 பவுண்டர், அதைக் கனரகமா வச்சுக்கோங்க.

கொத்தளம்72

அண்ணே, மதிலை உடைக்க 18, 24 பவுண்டர் வேணுமே? அதுக்கு எங்க போறது?

தெற்குமாசி

அதுக்குத்தான் பெரிய அளவுல இருந்து திருடுறது. கணக்கைப் பாருங்க. 24 பவுண்டர் முற்றுகைக் குழல் 9½ அடி, 1/72-ல 40 மி.மீ. இப்போ 28 மி.மீ. பொம்மையை 1/56-னு வச்சுக்கிட்டா, அதுல வர்ற பிரெஞ்சு 12 பவுண்டர் குழல் 39 மி.மீ. இருக்கும். நிஜத்துல அதன் உள்விட்டம் 121 மி.மீ., நீளம் அதுக்கு 18 மடங்கு. 1/56-ல சுருக்கி, திரும்ப 72-ஆல பெருக்கினா உள்விட்டம் 155 மி.மீ. நிஜ 24 பவுண்டருக்கு 148. கண்ணு கண்டுபிடிக்காது.

குழலை மட்டும் எடுங்க, சக்கரத்தை எடுக்காதீங்க. 28 மி.மீ. சக்கரத்தை 1/72 ஆள் பக்கத்துல வச்சா ஆறடிக்கு மேல நிக்கும், சிப்பாய் அதுக்குப் பின்னால காணாமப் போயிடுவான். சக்கரம் 1/72 பெட்டியில இருந்து, பின்தண்டை மட்டும் பிளாஸ்டிக் அட்டையில நீளமா வெட்டிக்கோங்க. ஸ்கேல் மாறினா குழல் தாங்கும், சக்கரமும் ஆளும் தாங்காது. எந்த மாற்றுப் பொம்மைக்கும் நான் பார்க்கிறது இதைத்தான்.

உதிரி குழல் மட்டும் வேணும்னா கூட்டாளி யாராவது 28 மி.மீ. ஆடுறவங்ககிட்ட கேளுங்க, பெட்டியில மிச்சம் கிடக்கும். வெளிநாட்டுல இருந்து புதுசா வரவழைச்சா பொம்மைக்கான சுங்கம் தாளிச்சுரும். 2020-ல 60 சதவீதம் ஆக்கினாங்க, அப்புறம் 70. குழலைவிட வரி கனம்.

வில்லாபுரம்_பிரிண்டர்

வரி கட்டுறதுக்குப் பதிலா 3டி பிரிண்ட் போடலாமே. பங்களா பீரங்கிக்கு அளவு எல்லாம் இருக்கு, 198-ஐ 72-ஆல வகுத்தா 27.5 மி.மீ. ரெசின்ல போட்டா வளையம்கூட உடையாம வரும். குழலைப் படுக்க வச்சுப் போடாதீங்க, ஒரு பக்கம் தட்டையாயிடும். சாய்ச்சு வாய் மேல பார்க்கிற மாதிரி நிறுத்துங்க.

இழைப் பிரிண்டர்ல பி.எல்.ஏ. பிளாஸ்டிக்குல போடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது 60 டிகிரி பக்கம் இளகும். சித்திரை வெயில்ல மூடின கார்ல பெட்டியை விட்டுட்டுப் போன ஒருத்தர் பீரங்கி எல்லாம் தலை குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுச்சு. ரேஸ்கோர்ஸ் ரோட்டுல நிழலுக்கா பஞ்சம், ஓரமா நிறுத்தியிருக்கலாம்.

நாகல்நகர்_பூட்டு

திண்டுக்கல்ல இருந்து. நீங்க எல்லாரும் குழலைப் பத்தியே பேசுறீங்க. பீரங்கியை இழுத்துட்டு வந்தது யாரு? ஐரோப்பியப் பெட்டியில ஆறு குதிரை இருக்கும், அதை அப்படியே வச்சா மதுரை மாதிரியே இருக்காது. இங்க கம்பெனிக்காரன் பெரிய பீரங்கி முழுக்க மாட்டை நம்பித்தான் நகர்ந்தான். பல ஜோடி மாடு வரிசையாப் பூட்டணும். மேஜையில நாலு ஜோடி வச்சாலே போதும், பார்க்கிறவனுக்குப் புரிஞ்சுரும்.

மாட்டுக்கு ரயில் மாடல்காரங்க போடுற 1/76 பசு மாடு 1/72-க்கு ஒத்துப்போகும். ஆனா அது சீமை மாடு, முதுகு தட்டை. எம்-சீல் ரெண்டையும் பிசைஞ்சு, மிளகு அளவுக்கு உருட்டி தோள்பட்டைக்கு மேல வச்சு, ஈர ஊசியால பின்பக்கம் சரிவா இழுத்துவிடுங்க. திமில் முன்பக்கம் செங்குத்தா, பின்பக்கம் சரிவா இருக்கணும். கழுத்துக்குக் கீழ மெல்லிசாத் தட்டி அலைதாடி. கொம்பைக் கத்தரிச்சுட்டு, செப்புக் கம்பியை வளைச்சு மேல் நோக்கி நடுங்க. அலங்காநல்லூர் பக்கத்து ஆள் யாராவது பார்த்து "இது காளையா"ன்னு கேட்டா கொம்பு சரியில்லைன்னு அர்த்தம்.

கொலு பொம்மை ஆகாதுன்னு யாரும் சொல்லிடாதீங்க. விளாச்சேரியில 1/72-க்குக் கிடைக்காதுதான், எல்லாம் பெரிசு. ஆனா 54 மி.மீ.-ல ஆடுறவங்களுக்கு அங்க மண்ணுல செஞ்ச மாட்டு வண்டி செட்டே தேறும். சின்னதா வேணும்னு அச்சுக் கொடுத்துக் கேட்டுப் பாருங்க.

வைகைவடகரை

நான் ஆட்டக்காரன் இல்லை, வரலாறு படிக்கிறவன். காட்சியமைப்புக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன்.

முற்றுகை இரண்டு கட்டம். 1763-ல் மான்சன் தலைமையில் கம்பெனிப் படையினர் சுற்றி வளைத்தார்கள், நவம்பரில் மழை பிடித்துக்கொண்டதும் விலகினார்கள். மறு வருடம் கேம்ப்பெல் வந்தார். 1764 ஜூன் 26 அன்று உடைத்த மதில் வழியாக ஏறினார்கள், உள்ளே இருந்தவர்கள் அடித்துத் துரத்தினார்கள். பிறகு சுற்றி அடைத்துப் பட்டினி போட்டதுதான். கடைசியில் பிரெஞ்சுக்காரரான மார்ச்சானும் கூட இருந்தவர்களும் கான்சாகிப்பைப் பிடித்துக் கொடுத்தார்கள். ஆகவே கோட்டைக்குள் பிரெஞ்சுக்காரர்கள் உண்டு. பிரெஞ்சுப் பெட்டியை வாங்கினால் ஆட்களில் சிலரையும் சும்மா விடவேண்டாம், உடுப்பை மட்டும் பழைய காலத்துக்கு மாற்றினால் உள்ளே வைக்கலாம். வெளியே இருக்கும் கம்பெனி பீரங்கி வீரர்களுக்கு நீலக் கோட்டு, சிவப்பு மடிப்பு. சிவப்புக் கோட்டு காலாட்படைக்கு. பீரங்கியை நகர்த்தவும் குண்டு சுமக்கவும் லஸ்கர்கள் இருந்தார்கள், அவர்களை மறக்காதீர்கள்.

மதிலை எங்கே என்று தேடுபவர்களுக்கு: பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது, 1840-களில், கோட்டையை இடித்து நிலமாக்கினார்கள். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் வெளி வீதியும் அந்தப் பட்டையில்தான் வருகின்றன. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மேற்கு வாசல் கொத்தளத்தின் மிச்சம் நிற்கிறது. கல்லின் நிறம், கட்டுமானத்தின் சரிவு இரண்டையும் அங்கே பார்த்துத் தெர்மாகோலுக்கு அடியுங்கள். தயவுசெய்து ஐரோப்பியக் கோட்டை மாதிரி நட்சத்திர வடிவம் வேண்டாம். கொத்தளம் 72 என்று சொல்வது வழக்கம், தொடக்கப் பதிவு போட்டவர் பெயரும் அதுதானே.

கொத்தளம்72

அதேதான் சார்!

செல்லூர்_தறி

பாளையக்காரர் பக்கத்துக்கு யாரும் எதுவும் சொல்லலையே. அங்க எல்லாம் ஒழுங்கான வார்ப்புப் பீரங்கியே வராது. மதில் மேல வச்சுச் சுடுற நீளத் துப்பாக்கி, ஜிஞ்சால்னு சொல்வாய்ங்க, அதுதான் நிறைய வேணும். காலியான பேனா ரீஃபிலை வெட்டி, ஒரு ஜான் தையல் நூலை இறுக்கமா விட்டுவிட்டுச் சுத்தி, ஃபெவிக்விக் ஒரு சொட்டு. பெயிண்ட் அடிச்சா இரும்புப் பட்டை போட்ட குழல் மாதிரியே இருக்கும். ரீஃபிலோட பித்தளை முனையைத் தூக்கிப் போடாதீங்க, சின்னக் குழலுக்கு அது அப்படியே வாய்.

நம்ம ஊர்ல பீரங்கியைப் பட்டை போட்டுக் கட்டினதுக்கு தஞ்சாவூர் பீரங்கி மேட்டைப் பாருங்க. நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி, வார்ப்பே கிடையாது. நீளச் சட்டங்களைச் சேர்த்து மேல வளையம் வளையமாக் காய்ச்சிப் பூட்டினது. ஏறக்குறைய 25 அடி. 1/72-ல 10 செ.மீ.-க்கு மேல வருது, மேஜையில வச்சா எதிராளி பயந்துருவான். சார்ட் அட்டையை உருட்டி நூல் சுத்தி நான் ஒண்ணு செஞ்சு வச்சிருக்கேன். மதுரைச் சண்டைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லதான். இருந்தாலும் அலமாரியில நிக்கட்டும்.

ஊமைத்துரை_தாசன்

அப்ப பங்களா பீரங்கியை 1801-க்கு வைக்கலாம்ல? நான் மருது சகோதரர் பக்கம் ஆடுறேன். வளரி வீசுறதுக்கு விதி யாராவது எழுதுங்க.

பழைய_இரும்பு

வைக்கலாம், ஆனால் களத்தில் இழுத்துக்கொண்டு ஓடுகிற மாதிரி வைக்காதீர்கள். 892 கிலோ இரும்புக் குழல், வளையம் உள்ள கப்பல் வடிவம். பெரிய சக்கர வண்டி இதற்கு வேண்டாம். நான்கு சிறிய உருளைச் சக்கரம், படிப்படியாக வெட்டிய இரண்டு பக்கக் கட்டை, இதுதான் கப்பலிலும் கோட்டையிலும் இருந்த வண்டி. 1/72-ல் இதற்கு மாற்றுத் தேடவே வேண்டாம், ஐஸ்குச்சியும் துளைபோட்ட கால்சட்டைப் பொத்தானும் போதும். ஏதாவது கடற்கொள்ளையர் செட்டில் இருந்தும் எடுக்கலாம். கோட்டைக் காவலுக்கு நிறுத்துங்கள்.

காளையார்கோவில் களத்துக்கு இலகுரக 6 பவுண்டர்தான் சரி. கம்பெனித் தளபதி அக்னியூவின் படை சிறுவயலில் இருந்து காட்டை வெட்டிப் பாதை போட முயன்று, முடியாமல் திரும்பியது. பிறகு வேறு பக்கமாக வந்துதான் அக்டோபர் 1-ல் கோவிலைப் பிடித்தார்கள். அந்தப் பாதை வெட்டும் கட்டமே நல்ல ஆட்டம். பீரங்கி எத்தனை அங்குலம் நகரும் என்பதை வெட்டிய மரத்தின் எண்ணிக்கையோடு கட்டிவிடுங்கள்.

தெற்குமாசி

1764-க்கும் ஒரு விதி. முற்றுகை பீரங்கி மதிலைச் சுட ஒரு கணக்கு, ஆளைச் சுட வேற கணக்குன்னு பிரிச்சுடுங்க. 6 பவுண்டருக்கு மதில் மேல பகடையே கிடையாது. வெண்கலத்துல வச்ச பெரிய குழல் தொடர்ந்து சுட்டா சூடேறித் தொய்யும், இரும்பு அதைவிடத் தாங்கும். அதனால வெண்கல 24 பவுண்டர் தொடர்ந்து மூணு சுற்று சுட்டா நாலாவது சுற்று ஓய்வு. எதிராளி அந்தச் சுற்றுலதான் வாசலைத் திறந்துட்டு வெளிய பாய்வான், ஆட்டம் அங்க சூடு பிடிக்கும்.

கொத்தளம்72

எல்லாருக்கும் நன்றி. 1764-க்கு பிரெஞ்சுப் பெட்டி ரெண்டு சொல்லிட்டேன், 28 மி.மீ. குழல் தெற்குமாசி அண்ணன் தர்றேன்னு தனிச்செய்தி போட்டாரு. பங்களா பீரங்கியை வில்லாபுரத்துல பிரிண்ட் போட்டு 1801-க்கு வைக்கிறோம். வாட்ச்மேன் அய்யாகிட்ட 1787 கதையைச் சொன்னேன். "அப்ப மருதுபாண்டியர் பீரங்கின்னு சொல்லிக்கிறேன்"னுட்டாரு. கம்பெனி முத்திரை இருக்கேய்யான்னா "பிடுங்கிட்டு வந்திருப்பாக"ங்கிறாரு.

ஒரே ஒரு சந்தேகம், நாகல்நகர் அண்ணே: மாட்டுக்கு நுகத்தடி எதுல செய்யறது? பிளாஸ்டிக் கம்பி வளைஞ்சுக்கிட்டே இருக்கு.

நாகல்நகர்_பூட்டு

விளக்குமாத்து ஈர்க்குச்சி. அடிப்பக்கம் கனமான துண்டா எடுங்க, நுனி வேணாம். ரெண்டு மாட்டுக்கும் நடுவுல 14 மி.மீ. விட்டு, திமிலுக்கு முன்னால ஒட்டுங்க, திமில் மேல இல்ல. பூட்டாங்கயித்துக்குப் பழுப்பு நூலை மெழுகுல ஒரு இழுப்பு இழுத்துட்டுக் கட்டுனா பிசிறு நிக்காது. முதல் ஜோடி முடிச்சதும் போட்டோ போடுங்க, மிச்சத்தை ஒட்டுறதுக்கு முன்னாடி பார்த்துச் சொல்றேன்.